தீராத சுடுதண்ணீர்

1

எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர்த் தொட்டி ஒரு சனிக்கிழமை உயிரை விட்டது. துணி துவைக்கிற அறையின் மூலையில், அலமாரிக்குள், ஆள் உயரத்துக்கு நிற்கிற கரண்ட் தொட்டி. அடியில் கசிந்து தரையெல்லாம் தண்ணீர். என் மனைவி கோமதி பழைய துண்டுகளைப் போட்டு ஒற்றிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலப் பயந்துகொண்டிருந்தேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் பிறந்தவன். ஆஸ்திரேலியாவுக்கு வந்து இந்த அடிலெய்டு நகரத்தில் பாதி ஆயுள் போய்விட்டது. இங்கே வந்த பிறகு பயம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அரசாங்க முத்திரை போட்ட உறை வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பிரிப்பேன். ஊரிலிருந்து அகால நேரத்தில் போன் வந்தால், எடுப்பதற்குள் மனதுக்குள் யாராவது ஒருவரைப் பாடையில் ஏற்றிவிடுவேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பாள் கோமதி. அவள் திருச்செங்கோட்டுக்காரி. பயம் என்றால் என்ன விலை என்று கேட்பாள்.

பிளம்பிங் கம்பெனிக்கு போன் செய்தேன். வரிசையில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்து, "உங்கள் சுடுதண்ணீர் சர்வீஸ் போய்விட்டதா?" என்றாள். நம் பக்கம் சர்வீஸ் என்றால் கிணற்று மோட்டாருக்கு வாங்கும் கரண்ட் இணைப்பு. யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று பதறி, "பில்லெல்லாம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறேனே" என்றேன். இந்த ஊரில் அந்தத் தொட்டிக்கே சர்வீஸ் என்றுதான் பெயர் என்பது இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் இரண்டு வழி சொன்னாள். பழையபடியே தொட்டி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தொட்டியே இல்லாத, சுவரில் மாட்டுகிற கேஸ் பெட்டி. குழாயைத் திறந்ததும் பற்றிக்கொள்ளும், மூடினால் அணையும். சுடுதண்ணீர் தீரவே தீராது. லைசென்ஸ் உள்ள ஆள்தான் மாட்டவேண்டும், மாட்டிய பிறகு சான்றிதழ் தரவேண்டும், அதன் நகல் ஒன்று அரசாங்கத்துக்குப் போகவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். இடத்தைப் பார்க்க மத்தியானமே ஆள் அனுப்புவதாகவும் சொன்னாள்.

கோமதிக்குப் பெட்டிதான் வேண்டும். "யாழினி லீவுக்கு வந்தா நமக்குப் பச்சத்தண்ணிதானுங்களே மிச்சம்" என்றாள்.

யாழினி எங்கள் ஒரே மகள். மெல்போர்னில் படிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், குளியலறைக்குள் போனால் அதைவிட மோசம். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு வார்த்தையில். ஆனால் குளியலறையிலிருந்து அவளை வெளியே வரச்சொல்லி நாங்கள் ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. தொட்டியில் சுடுதண்ணீர் தீர்ந்ததும் தானே வெளியே வந்துவிடுவாள்.

2

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பெட்டி மேல் ஆசைதான். ஆசையைக் கிளப்பியது அன்று காலையில் அக்கா அனுப்பிய வீடியோ.

சரசக்கா எனக்கு மூத்தவள். புதுச்சத்திரத்துக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், வீட்டுக்குப் பின்னாலேயே கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அவர்கள் மகள் சவுமியாவைத் தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, பச்சை உடம்புக்காரியாக இருந்தாள்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றுவது பெரிய சடங்கு. தாங்குகிற சூட்டில், இடுப்பிலும் முதுகிலும் சொம்பு சொம்பாக ஓங்கி ஊற்றவேண்டும். முக்கியமான விதி, காற்றுப் படக்கூடாது. பட்டால் ஜன்னி வரும், பால் கட்டும், பிற்காலத்தில் இடுப்பு நிற்காது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால் கதவைச் சாத்தி, மேலே இருக்கிற சின்ன ஜன்னலையும் அடைத்துவிடுவார்கள். முன்பெல்லாம் வெளியே விறகு அடுப்பில் அண்டா கொதிக்கும். அங்கிருந்து மொண்டு உள்ளே கொண்டுபோவார்கள். அண்டா காலியானால் குளியல் முடிந்தது.

இப்போது யார் விறகு பொறுக்குவது? கரண்ட் ஹீட்டரும் அங்கே தாக்குப்பிடிக்காது. எங்கள் ஊர் போர்த்தண்ணீர் அவ்வளவு உப்பு. உள்ளே இருக்கிற காயிலில் வெள்ளையாகப் படிந்து சீக்கிரமே போய்விடும். வோல்டேஜும் நிற்காது. மகளின் பிரசவத்துக்கென்று மச்சான் ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கி மாட்டினார். அவருக்குச் சிலிண்டர் வெடித்துவிடும் என்று பயம். அதனால் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்து, ஓட்டை போட்டு டியூபை இழுத்து, பெட்டியைக் குளியலறைக்குள் மாட்டினார். "வெடிச்சாலும் வெளியதான் மாப்ள வெடிக்கும்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது.

வீடியோவில் அக்கா குழாயைத் திறந்து காட்டினாள். பெட்டிக்குள் நீலமாகப் பற்றிக்கொண்டது.

"பாரு சாமி, தொட்டியே இல்ல. தொறந்தாச் சுடுதண்ணி. தீரவே தீராது. அண்டாவ வெச்சுட்டு அளந்து அளந்து ஊத்துன காலமெல்லாம் போச்சு. இன்னிக்கும் பத்து மணிக்கு மேல சவுமிக்குத் தண்ணி ஊத்தறோம்."

போனை மேலே தூக்கிச் சுவரைக் காட்டினாள். ஜன்னலில் கோழித் தீவனச் சாக்கு ஒன்றை நான்காக மடித்துச் செருகியிருந்தாள். "ஒரு பொட்டுக் காத்து வராது" என்றாள். பிறகு போகிறபோக்கில் சொன்னாள்: "குளிச்சு முடிச்சாத்தான் புள்ளைக்குக் கெறக்கமா வருது. போன தடவ வாந்திகூட எடுத்துட்டா. பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். எனக்கே தல வலிக்குது, வயசாச்சுல்ல."

நல்லாப் பாத்துக்கோங்க அக்கா என்று பதில் அனுப்பிவிட்டு நான் காபி குடிக்கப் போனேன்.

3

மத்தியானம் பிளம்பர் வந்தார். வீட்டின் பக்கச் சுவரில், குளியலறை ஜன்னலுக்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டினேன். அங்கே மாட்டினால் பைப்பின் நீளம் மிச்சம் என்பது என் எண்ணம். அவர் டேப்பை நீட்டி அளந்துவிட்டு, இங்கே முடியாது, ஜன்னல் பக்கம் என்றார்.

"வெளிச்சுவர்தானே? மேலே வானம்தானே இருக்கிறது?" என்று கேட்டேன்.

கேஸ் எரிந்து வருகிற காற்று ஜன்னல் வழியாக உள்ளே போய்விடும் என்றார். அதில் இருக்கிற ஒரு விஷவாயுவின் பெயரைச் சொன்னார், அதற்கு வாசனை கிடையாதாம். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், வாந்தி வரும். ஏதோ காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு ஆள் உட்கார்ந்துவிடும், பிறகு எழுந்திருக்காது. பஸ் வருகிற நேரத்தைச் சொல்வதுபோல இதைச் சொல்லிவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். வெட்டவெளியில் தொங்குகிற பெட்டிக்கே ஜன்னல் பக்கம் இடம் கிடையாது என்கிறார் இந்த மனுஷன். அக்கா வீட்டில் பெட்டி உள்ளே தொங்குகிறது, ஜன்னலில் சாக்கு. குளிச்சு முடிச்சாக் கெறக்கமா வருது. எனக்கே தல வலிக்குது. மணியைப் பார்த்தேன். அங்கே பத்தரை தாண்டியிருந்தது.

அக்காவின் போன் முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். சவுமியாவின் போனும் அப்படியே. குளிக்கப் போகிறவர்கள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத்தானே போவார்கள் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் சொன்னதை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. கோமதி ஓடிவந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்னாச்சு?" என்றாள். மச்சானுக்கு அடித்தேன்.

எடுத்துவிட்டார். பின்னால் கோழிகளின் இரைச்சல். பண்ணையில் இருந்தார்.

"சொல்லுங்க மாப்ள. என்ன இந்நேரத்துக்கு?"

"மச்சான், அக்காவும் சவுமியாவும் எங்க?"

"உள்ள தண்ணி ஊத்தறாங்க. போயி ரொம்ப நேரமாச்சு. ஏனுங்க?"

"ஓடிப்போயிக் கதவத் தொறக்கச் சொல்லுங்க. ஹீட்டர நிறுத்தச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "பொம்பளைங்க தண்ணி ஊத்தற எடத்துல ஆம்பள போயிக் கதவத் தட்டறதா? நல்லா இருக்குது போங்க. சிலிண்டரு வெளியதான இருக்குது, பயப்படாதீங்க."

"சிலிண்டர் இல்லைங்க மச்சான், காத்து..."

"காத்தெல்லாம் வராது. உங்கக்கா சாக்க வெச்சு நல்லா அடச்சுட்டா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிளம்பர் சொன்ன விஷவாயுவின் பெயரைச் சொன்னேன். அவருக்கு அது ஏதோ டவுன்காரன் பேச்சு. இன்னும் கொஞ்சம் விட்டால், மாப்பிள்ளை வழக்கம்போலப் பயப்படுகிறார் என்று போனை வைத்துவிடுவார். பின்னால் கோழிகள் கத்திக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டால் சூடு வேண்டும். ஷெட்டுக்குள் கரி அடுப்பு வைத்து, குளிர் ஏறாமல் சுற்றிலும் படுதா கட்டுவார்கள். ஆனால் எவ்வளவு குளிர் அடித்தாலும் படுதாவை மேலே ஒரு முழம் விட்டுத்தான் கட்டவேண்டும்.

"மச்சான், இத மட்டும் சொல்லுங்க. குஞ்சு ஷெட்டுல கரி அடுப்ப வெச்சுட்டுப் படுதாவ உச்சி வரைக்கும் இழுத்துக் கட்டிட்டா, காலையில குஞ்செல்லாம் எப்படிக் கெடக்கும்?"

செருப்புச் சத்தம் கேட்டது. அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

4

போனை அவர் வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே ஓடினார். கோழிச் சத்தம் குறைந்தது. நாய் குரைத்தது. அவருக்கு மூச்சு இரைத்தது. கடல் தாண்டி இந்தப் பக்கம் நான் துணி துவைக்கிற அறையின் வாசலில் நின்று, ஈரத் துண்டுகளை மிதித்துக்கொண்டு, காதோடு போனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

கதவை இடிக்கிற சத்தம். "சரசு! ஏ சரசு! கதவத் தொற!"

உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி இடித்தார். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அக்காவின் குரல். "ஏனுங்க... ஊத்திட்டுத்தான இருக்கறம்... இங்கெதுக்கு வந்தீங்க..." குடித்தவள் பேச்சு மாதிரி குழறியது. என் அக்கா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"தாழ்ப்பாள எடுடி!"

தாழ்ப்பாள் விழுகிற சத்தம். உடனே மச்சானின் குரல்: "ஐயோ, சாமி! சவுமி!" அதோடு போன் கீழே விழுந்தது.

அதன் பிறகு எனக்கு யார் குரலும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. திறந்து விட்ட குழாய், நிற்கவே இல்லை. அண்டாவாக இருந்தால் அது எப்போதோ தீர்ந்திருக்கும், இவர்களும் எப்போதோ வெளியே வந்திருப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற நேரம் எவ்வளவு என்று கோமதியைக் கேட்டால் ரெண்டு நிமிஷம் என்கிறாள். நான் அதை நம்பவில்லை. நான் மாதேஸ்வரனைக் கூப்பிட்டேன், கொல்லிமலைச் சாமியைக் கூப்பிட்டேன், செத்துப்போன அப்பாவைக்கூடக் கூப்பிட்டேன். கோமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவள், பிடியைத் தளர்த்தவே இல்லை.

வீட்டுக்குள் எங்கோ குழந்தை வீறிட்டு அழுதது. முதலில் குழந்தையைக் குளிப்பாட்டி, தூளியில் போட்டுவிட்டுத்தான் தாய்க்கு ஊற்றப் போயிருக்கிறார்கள். ஒரு உயிர் அந்த அறைக்கு வெளியே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

பிறகு மச்சான் போனை எடுத்தார். அவர் குரல் அழுதுகொண்டிருந்தது.

"ரெண்டு பேரையும் வாசல்ல வேப்பமரத்தடியில போட்டிருக்கறன் மாப்ள. போர்வையச் சுத்தி, காத்துல போட்டிருக்கறன். மூச்சு இருக்குது. சவுமி கண்ணு தொறக்கறா. நல்லாக் காத்துப் படட்டும். வண்டிக்குச் சொல்லியாச்சு, ஆசுபத்திரிக்குக் கெளம்பறம்."

நாமக்கல் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மறுநாள் அக்கா பேசினாள். என்ன சொன்னாலும் அழுகை நிற்கவில்லை. "காத்துப் படக்கூடாதுன்னுதான சாமி சாக்க வெச்சு அடச்சேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

5

பிளம்பர் அன்றைக்குப் பாதியில் கிளம்பிப் போனார். தொட்டியா பெட்டியா என்று கம்பெனியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. கோமதி குக்கரில் தண்ணீர் காய்ச்சிக் குளித்துவிட்டு வேலைக்குப் போய்வந்தாள். ஒரு வாரத்தில் அவள் பொறுமை போய்விட்டது.

"மச்சானே பெட்டியக் கழட்டி வெளிச்சுவத்துல மாட்டிட்டாரு. இங்க மொதல்லயே வெளியதான் மாட்டப் போறாங்க. பயப்படறதுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா?"

அவள் சொன்னது முழுக்க நியாயம். பெட்டியை ஜன்னலுக்குத் தூரமாக, பின்பக்கச் சுவரில் மாட்டினார்கள். லைசென்ஸ், சான்றிதழ் எல்லாம் சரி. வீட்டுக்குள் விஷக்காற்றைக் கண்டுபிடித்துக் கத்துகிற கருவி ஒன்றையும் வாங்கி மாட்டினேன். அதையே இரண்டாக வாங்கிச் சவுமியாவுக்கும் அனுப்பினேன். அவள் தேறித் தம்மம்பட்டிக்குப் போனதும் போன் செய்தேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன், "அங்க ஹீட்டர் எங்க சாமி மாட்டியிருக்குது?" என்றுதான் கேட்டேன். "இங்க இன்னும் அண்டாதானுங்க மாமா" என்று சிரித்தாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். அன்றைக்கு மச்சான் மட்டும் போனை எடுக்காமல் இருந்திருந்தால்? அங்கே கதவைத் தட்ட ஒரு கை இருந்தது. என் கை இங்கே இருந்தது, அதில் போன் மட்டும்தான் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எத்தனையோ பயம் உண்டு. எனக்கு இப்போது எல்லாம் போய் இது ஒன்றுதான் மிச்சம்.

யாழினி லீவுக்கு வந்தாள். முதல் நாள் குளிக்கப் போனாள். பின்பக்கம் பெட்டி உறுமத் தொடங்கியது. தண்ணீர் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பழைய தொட்டியாக இருந்தால் இந்நேரம் தீர்ந்து, அவள் பல் கிட்டிக்க வெளியே வந்திருப்பாள். இப்போது அவளை வெளியே அனுப்ப எதுவும் இல்லை. நான் நடையில் இரண்டு தடவை போய்வந்தேன். மூன்றாம் தடவை கதவைத் தட்டிவிட்டேன்.

"யாழினி, இருக்கியா?"

"என்ன வேணும்?" என்று ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தாள். மறுநாளும் தட்டினேன். அதற்கடுத்த நாள் அவள் அம்மாவிடம் புகார் சொல்லியிருக்கிறாள். வளர்ந்த பெண் குளிக்கிற இடத்தில் போய் என்ன இது என்று கோமதி என்னைத் திட்டினாள். பிறகு சமையலறையில் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கோமதி எதைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு நான் தட்டினால் யாழினி எரிந்து விழவில்லை. உள்ளேயிருந்து சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். எனக்கு அது போதும்.

அவள் மெல்போர்னுக்குக் கிளம்புகிற அன்று காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். சூடான தண்ணீர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. மகள் கிளம்பிவிட்டால் அவள் கதவை அங்கே யார் தட்டுவார்கள், அவள் வாடகை வீட்டில் ஹீட்டர் எங்கே இருக்கிறது, அதை ஏன் இத்தனை நாள் கேட்காமல் விட்டேன் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். தண்ணீர்தான் தீராதே, நேரம் போனது தெரியவில்லை.

கதவை யாரோ தட்டினார்கள்.

"அப்பா, இருக்கீங்களா?"

யாழினியின் குரல். தமிழில் கேட்டாள். எத்தனையோ சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம், கடைசியில் என்னிடமிருந்து இந்தப் பயத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு நன்றாகக் கேட்கவேண்டுமே என்று குழாயை மூடினேன். வெளியே பெட்டி அணைந்தது.

"இருக்கேன் சாமி" என்றேன்.

அவள் உடனே போய்விடவில்லை. நான் துவட்டிக்கொண்டு தாழ்ப்பாளை எடுக்கிற வரைக்கும் கதவுக்கு வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள்.